கழுத்துக் காயம்: படுக்கையருகு அல்ட்ராசவுண்டா, சி.டி. ஆஞ்சியோவா?

கழுத்தில் காயம்பட்டு வரும் ஒருவருக்கு உள்ளே என்ன சேதம் நேர்ந்திருக்கிறது என்பதை அறிய அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவருக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. கண்ணாலும் கையாலும் செய்யும் பரிசோதனை முதலாவது. நோயாளியின் படுக்கைக்கே கருவியைக் கொண்டுவந்து செய்யும் அல்ட்ராசவுண்ட் இரண்டாவது. சிரை வழியே சாய மருந்து செலுத்தி இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ மூன்றாவது. எதற்கும் காத்திராமல் அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று திறந்து பார்ப்பது நான்காவது. இந்த நான்கில் இரண்டாவதைப் பற்றியே இப்போது அதிகம் பேசப்படுகிறது. கையடக்கக் கருவிகள் விலை குறைந்து வந்துவிட்டன. இளம் மருத்துவர்கள் அவற்றைப் பழகிக்கொள்கிறார்கள். வயிற்றிலும் மார்பிலும் இரத்தக் கசிவைத் தேடுவதற்கு அவை அன்றாடக் கருவிகளாகிவிட்டன. அதே கருவியைக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடலாமா என்பதே இங்கே முடிவுசெய்ய வேண்டிய கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்தைப் பொறுத்தவரை அல்ட்ராசவுண்ட் 'உண்டு' என்று காட்டுவதை நம்பிச் செயல்படலாம். 'இல்லை' என்று காட்டுவதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த எல்லையை மதித்துப் பயன்படுத்தினால் அது உயிர் காக்கும் கருவி. சி.டி.க்கு மாற்றாக அதை நிறுத்தினால் ஆபத்தை மறைக்கும் கருவி.

பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் சில நோயாளிகளுக்கு எந்தப் படமும் தேவையில்லை. காயத்திலிருந்து இரத்தம் பீறிட்டுக்கொண்டிருப்பது, கண்முன்னே பெருகிக்கொண்டே போகும் வீக்கம், கையை வைத்தால் உணரப்படும் அதிர்வு, காயத்தின் வழியே காற்றுக் குமிழிகள் வெளிவருவது, மூச்சிழுக்கும்போது கேட்கும் கீச்சொலி, ஊட்டநீர் செலுத்தியும் ஏறாத இரத்த அழுத்தம், உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது ஆகியவை உறுதியான அறிகுறிகள் எனப்படுகின்றன. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மூச்சுப்பாதையைக் காத்து, இரத்தப்போக்கை அழுத்திப் பிடித்து, அறுவை அரங்கை நோக்கி நகர வேண்டும். ஆழமான துளையிலிருந்து வரும் இரத்தத்தை விரலால் நிறுத்த முடியாதபோது, சிறுநீர்க் குழாயாகப் பயன்படும் ஃபோலி கதீட்டரைக் காயத்துக்குள் நுழைத்து அதன் பலூனை நீரால் நிரப்பி அடைப்பதைத் தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். எளிய உபாயம்தான் என்றாலும் எந்த மருத்துவமனையிலும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். இத்தகைய நோயாளியிடம் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறை) வைத்து எந்தக் குழாய் அறுபட்டது என்று தேடிக்கொண்டிருப்பது வீணான நேரம் மட்டுமன்று, வீக்கத்தின் மீது ப்ரோபை, அதாவது கருவியின் தோலில் வைக்கும் முனையை, அழுத்துவது அடைபட்டிருக்கும் இரத்தக் கட்டியைக் கலைத்துவிடவும் கூடும்.

படம் தேவைப்படுவது இரண்டாவது வகையினருக்கு. பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய தோலடித் தசையைத் தாண்டிக் காயம் உள்ளே சென்றிருக்கும். ஆனால் நோயாளி பேசுவார், நாடித்துடிப்பு நிதானமாக இருக்கும். இலேசான வீக்கமோ, குரல் கரகரப்போ, விழுங்கும்போது வலியோ மட்டும் இருக்கும். கழுத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்கும் பழைய முறையில், காரை எலும்பிலிருந்து குரல்வளையின் அடியிலுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பு வரை முதல் மண்டலம், அங்கிருந்து கீழ்த்தாடைக் கோணம் வரை இரண்டாவது, அதற்கு மேல் மண்டையோட்டின் அடிப்பகுதி வரை மூன்றாவது. முன்பெல்லாம் இரண்டாம் மண்டலக் காயங்களைத் திறந்து பார்ப்பதே வழக்கமாக இருந்தது. அவற்றுள் கணிசமானவற்றில் உள்ளே சேதம் எதுவும் இருக்கவில்லை. தோலில் தெரியும் துளை ஒரு மண்டலத்திலும் உள்ளே அறுபட்ட குழாய் இன்னொரு மண்டலத்திலும் இருக்கலாம் என்பதால், இப்போது மண்டலத்தைவிட அறிகுறிகளை வைத்தே முடிவெடுக்கிறார்கள். இந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது சி.டி. ஆஞ்சியோ. 453 பேரை உள்ளடக்கி 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐயத்துக்குரிய அறிகுறிகள் இருந்தவர்களுக்குச் சி.டி. ஆஞ்சியோ எடுத்தபோது, சிகிச்சை தேவைப்படும் காயம் ஒன்றுகூடத் தவறவில்லை. காயமில்லாதவர்களை அது சரியாக ஒதுக்கிய விகிதம் 97.5 சதவீதம்.

இந்த அளவுகோலுக்கு எதிரே அல்ட்ராசவுண்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். தோலுக்கு அருகிலிருக்கும் உறுப்புகளைக் காட்டும் நேர்கோட்டு ப்ரோபைக் கொண்டு கழுத்தின் நடுப்பகுதியைப் பார்த்தால் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி, அங்கிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஜுகுலர் சிரை, தைராய்டு சுரப்பி, மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள், அதற்கு இடப்பின்புறத்தில் உணவுக்குழாய் எல்லாம் நன்கு தெரியும். நிற டாப்ளரை இயக்கினால் தமனிச் சுவரில் கிழிந்து தொங்கும் உட்படலம், சுவருக்கு வெளியே பை போலத் தேங்கிச் சுழலும் இரத்தம், தமனியும் சிரையும் தவறாக இணைந்துகொண்ட பாதை, முற்றிலும் நின்றுபோன ஓட்டம் ஆகியவற்றைக் காண முடியும். பயிற்சி பெற்றவர் பார்த்தால் இரண்டாம் மண்டலத்தின் கரோட்டிட் காயங்களைக் கண்டறிவதில் டாப்ளர் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. சி.டி. ஆஞ்சியோ பரவலாவதற்கு முன்பு, 1990-களில், தமனிக்குள் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோவுக்குப் பதிலாகக் கவனமான பரிசோதனையையும் டாப்ளரையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுகள் காட்டின. இன்று அல்ட்ராசவுண்டுக்காக வாதிடுபவர்கள் பெரும்பாலும் அந்த ஆய்வுகளையே சுட்டுகிறார்கள். ஆனால் அவற்றில் டாப்ளர் செய்தவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். நேரம் எடுத்துக்கொண்டு, முழு அளவுக் கருவியில், முறையாகச் செய்தவர்கள். நெரிசலான பிரிவில் ஒரு மருத்துவர் சில நிமிடங்களில் செய்யும் பார்வைக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்துவது நியாயமன்று.

கருவியின் எல்லைகள் இயற்பியலிலிருந்து வருபவை; திறமையால் அவற்றைத் தாண்ட முடியாது. அல்ட்ராசவுண்டின் ஒலியலையான மீயொலி எலும்பை ஊடுருவாது, காற்றில் சிதறிவிடும். முதல் மண்டலத்தின் பெருங்குழாய்கள் காரை எலும்புக்கும் மார்பெலும்புக்கும் பின்னே மறைந்திருக்கின்றன. மூன்றாம் மண்டலத்தில் உட்கரோட்டிட் தமனி தாடைக்குப் பின்னே ஏறி மண்டையோட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. முதுகெலும்புத் தமனி பெரும்பாலும் ஆறாவது கழுத்தெலும்பிலிருந்து முதலாவது வரை எலும்புத் துளைகளின் வழியே செல்வதால், எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் துண்டு துண்டாகத்தான் தெரியும். மூச்சுக்குழாய் கிழிந்து தோலடியில் காற்றுப் பரவியிருந்தாலோ திரை முழுவதும் வெண்மூட்டமாகிவிடும். காற்றுக் கசிந்திருப்பதை அந்த மூட்டமே உணர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பின்னே தமனி முழுதாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

சென்னையில் மாஞ்சா நூலால் இரு சக்கர வாகன ஓட்டிகளின் கழுத்து அறுபடுவதை எண்ணிப் பார்த்தால் இந்த எல்லைகள் நடைமுறையில் எப்படி அமைகின்றன என்பது விளங்கும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்த பிறகும் இந்தக் காயங்கள் நின்றபாடில்லை. நூல் பெரும்பாலும் கழுத்தின் முன்புறத்தைக் குறுக்காக அறுக்கிறது. காயம் கண்ணுக்குத் தெரியும். தைராய்டு குருத்தெலும்பும் மூச்சுக்குழாயும் நேரடி ஆபத்தில் இருக்கும். இங்கே மருத்துவர் உடனே அறிய வேண்டியது மூச்சுப்பாதையின் நிலையை; அடுத்து, பக்கவாட்டில் கரோட்டிட் வரை வெட்டு சென்றிருக்கிறதா என்பதை. வெட்டு இரண்டாம் மண்டலத்தில் இருந்து, காற்றுக் கசிவும் இல்லையென்றால், அல்ட்ராசவுண்ட் தன் முழுத் திறனுடன் உதவக்கூடிய அரிய சூழல் இதுவே. கிருமி நீக்கிய உறையிட்ட ப்ரோபைக் காயத்துக்கு வெளியே மென்மையாக வைத்து இரு கரோட்டிட்களின் ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓட்டத்தில் வேறுபாடு தெரிந்தால் அறுவை மருத்துவரை உடனே எழுப்பலாம். வேறுபாடு தெரியாவிட்டாலும் சி.டி.க்கு அனுப்பும் முடிவு மாறாது. அனுப்பும் வழியில் யார் உடன் செல்ல வேண்டும், எவ்வளவு அவசரம் என்பவை மட்டுமே மாறும்.

விபத்தில் கழுத்து திருகியோ மோதியோ ஏற்படும் மொட்டைக் காயத்தில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கே தோலில் எந்த அடையாளமும் இல்லாமலே தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, துண்டு பிரிந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் ஏற்படப் பல மணி நேரமோ ஓரிரு நாட்களோ ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குள் கண்டறிந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ கொடுத்தால் பக்கவாதத்தைப் பெரும்பாலும் தடுக்க முடியும். இந்த நோக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட் உதவாது என்பதற்குத் தெளிவான சான்று உள்ளது. பல இடங்களில் மொட்டைக் காயமடைந்த 1,471 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் டாப்ளர் கண்டுபிடித்தது இத்தகைய தமனிக் காயங்களில் 38.5 சதவீதத்தை மட்டுமே. அது காயம் என்று காட்டியவை அனைத்தும் காயமாகவே இருந்தன. ஆனால் பத்தில் ஆறு அதன் கண்ணில் படவில்லை. கிழக்கு அமெரிக்கக் காய அறுவை மருத்துவர் சங்கமும் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இதற்கு டாப்ளர் போதாது என்றே கூறியது. ஆகவே முதல் மூன்று கழுத்தெலும்புகளில் முறிவு, தமனி செல்லும் எலும்புத் துளையைத் தொடும் முறிவு, மண்டையோட்டு அடிப்பகுதி முறிவு, முகத்தின் நடுப்பகுதி பெயர்ந்த முறிவு, காரணம் விளங்காத நரம்புக் குறைபாடு ஆகியவற்றில் எது இருந்தாலும் சி.டி. ஆஞ்சியோவே தேவை.

கழுத்தெலும்பு முறிவைக் கண்டறிய அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. எலும்பின் மேற்பரப்பு மட்டுமே தெரியும் ஒரு கருவியால், பின்வளைவுகளும் மூட்டுகளும் தண்டுவடக் கால்வாயும் சேர்ந்த அமைப்பில் முறிவு இல்லை என்று உறுதி கூற இயலாது. மேலும் இங்கே சிறந்த மாற்று ஏற்கெனவே உள்ளது. அதற்குச் செலவே இல்லை. அமெரிக்காவின் 21 மையங்களில் 34,069 பேரை ஆராய்ந்து 2000-இல் வெளியான நெக்சஸ் விதி, ஐந்து கேள்விகளால் எவருக்குப் படமே தேவையில்லை என்று பிரிக்கிறது: கழுத்தின் பின்நடுவில் அழுத்தினால் வலி உண்டா, நரம்புக் குறைபாடு உண்டா, நினைவு தெளிவா, போதை உண்டா, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயம் உண்டா. கழுத்தெலும்புக் காயம் இருந்த 818 பேரில் எட்டுப் பேரை மட்டுமே அது தவறவிட்டது. அடுத்த ஆண்டு வந்த கனடிய விதி வயதையும் விபத்தின் தன்மையையும் சேர்த்துக்கொண்டு, இறுதியில் நோயாளியால் கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்ப முடிகிறதா என்று கேட்கிறது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வில் கனடிய விதியே மேலாக இருந்தது. இந்த விதிகளின்படி படம் தேவைப்படுபவருக்குச் சி.டி. எடுக்க வேண்டும். 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி சாதாரண எக்ஸ்ரே முறிவுகளில் 52 சதவீதத்தையே காட்டியது, சி.டி. 98 சதவீதத்தைக் காட்டியது. எக்ஸ்ரேயின் இடத்தை நிரப்ப அல்ட்ராசவுண்டைத் தேடுவது தவறான வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி.

இவ்வளவு மறுப்புகளுக்குப் பிறகும் இந்தக் கருவியைக் கழுத்துக் காயத்தில் ஒவ்வொரு பிரிவும் பழக வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் மூச்சுப்பாதை. கழுத்து வீங்கி, குரல்வளை இடம்பெயர்ந்த நோயாளிக்கு வாய்வழிக் குழாய் செல்லாவிட்டால், தைராய்டு குருத்தெலும்புக்கும் கிரிக்காய்டுக்கும் இடையிலுள்ள சவ்வை வெட்டிக் குழாய் விடுவதே கடைசி வழி. அந்தச் சவ்வை விரலால் தடவிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கனடாவில் 223 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கழுத்தின் அடையாளங்கள் தெளிவாகத் தெரியாதவர்களிடம் விரலால் தேடியவர்கள் 5 மி.மீ. துல்லியத்துக்குள் சவ்வைக் குறித்தது 8 சதவீதத்தினரிடம் மட்டுமே. அல்ட்ராசவுண்ட் கொண்டு தேடியவர்கள் 81 சதவீதத்தினரிடம் சரியாகக் குறித்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன்பே, நோயாளி விழித்திருக்கும்போதே, சவ்வின் இடத்தைப் பார்த்துத் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், பின்னர் எல்லாம் தவறும் நொடியில் கத்தி வைக்க வேண்டிய இடம் தெரிந்திருக்கும். இதைச் சி.டி.யால் செய்ய முடியாது. மூச்சு முட்டும் நோயாளியை ஸ்கேன் மேசையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே அவருக்கு ஆபத்து. குழாய் விட்ட பிறகு அது மூச்சுக்குழாய்க்குள் சென்றதா, உணவுக்குழாய்க்குள் சென்றதா என்பதையும் கழுத்தின் முன்னே வைத்த ப்ரோப் சில நொடிகளில் காட்டும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவியே இதற்கு முதல் சான்று என்றாலும், அது இல்லாத இடத்திலும் இதயம் நின்ற நிலையில் அதன் அளவு நம்பத்தகாததாகும்போதும் இது மதிப்புள்ள துணை.

கழுத்தை விட்டுச் சற்றுக் கீழே இறங்கினால் இன்னொரு பயன் உண்டு. முதல் மண்டலக் காயம் நுரையீரலின் உச்சியைக் கிழித்திருக்கலாம். படுத்திருப்பவருக்கு எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயைவிட அல்ட்ராசவுண்ட் மார்புக்கூட்டில் காற்றுத் தேங்கியிருப்பதை நன்றாகக் கண்டுபிடிக்கும் என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. செயற்கை மூச்சுக் கருவியில் இணைக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

தூக்கிட்டுக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டவர்களும், துப்பட்டா வண்டிச் சக்கரத்தில் சிக்கிக் கழுத்து இறுக்கப்பட்டவர்களும் தனி வகையினர். இவர்களுக்கு முதலில் வெளித்தெரியும் காயம் தோலில் ஒரு கோடாக மட்டுமே இருக்கலாம். குரல்வளை வீக்கம் சில மணி நேரத்துக்குப் பின் பெருகலாம். கரோட்டிட் உட்சுவர் கிழிந்திருக்கலாம். படுக்கையருகு ஸ்கேன் நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக இவர்களை அனுப்பிவிடத் தோன்றும் தூண்டுதல் பெரிது. குரல் மாற்றம், விழுங்குவதில் வலி, நினைவிழப்பு, கழுத்தில் அழுத்தினால் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சி.டி. ஆஞ்சியோவும், குரல்வளையை உள்நோக்கிப் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் தேவை.

உணவுக்குழாய்க் காயத்தில் மட்டும் இரண்டு ஸ்கேன்களும் கைவிடக்கூடும். சி.டி.யில் காயத்தின் பாதை உணவுக்குழாயை ஒட்டிச் செல்வது தெரிந்தால் உள்நோக்கிக் கருவியோ (எண்டோஸ்கோப்), சாயத்தை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ கட்டாயம் வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலே கழுத்திலிருந்து மார்புக்கூட்டுக்குக் கிருமித்தொற்று இறங்கி உயிரிழப்பு உயர்கிறது.

சி.டி.யின் விலையையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். கதிர்வீச்சு தைராய்டைத் தாக்குகிறது. குழந்தைகளில் இது பெரியவர்களைவிடக் கூடுதல் கவலைக்குரியது. சாய மருந்து பழுதான சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். ஆகவே ஆழமில்லாத காயத்துடன் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும் குழந்தையிடம், திரும்பத் திரும்பச் செய்யும் பரிசோதனையும் அதற்குத் துணையாக அல்ட்ராசவுண்டும் போதும் என்பதை ஏற்கிறேன். கர்ப்பிணியிடம் கணக்கு வேறு. கழுத்துச் சி.டி.யின்போது கருவுக்குச் செல்லும் கதிர்வீச்சு மிகச் சிறிது. தாய்க்குத் தேவையான படத்தை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தியாவில் இந்த முடிவுக்குச் சட்டத்தின் நிழலும் உண்டு. கருவின் பாலினத் தெரிவைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவுசெய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லத்தக்க கருவிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின் தேவையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதற்கு அஞ்சிக் கருவியை ரேடியாலஜி அறையில் பூட்டிவைக்கும் மருத்துவமனைகள், முறையாகப் பதிவுசெய்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கென ஒரு கருவியை ஒதுக்குவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதை உணர வேண்டும். கருவி வந்த பின் முதலில் கற்பிக்க வேண்டியது கரோட்டிட் டாப்ளர் அன்று; குழாய் விட வெட்ட வேண்டிய அந்த மூச்சுச் சவ்வைக் கண்டுபிடிப்பதும் மார்புக்கூட்டின் காற்றைக் கண்டறிவதுமே. அவை விரைவில் கைவரும். பயன் உடனே தெரியும்.

சி.டி. இல்லாத, அல்லது இரவில் இயங்காத மருத்துவமனையில்தான் இந்த ஒப்பீடு மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. அங்கே மருத்துவரிடம் உண்மையில் இருப்பது அல்ட்ராசவுண்டா, சி.டி.யா என்ற தெரிவு அன்று. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்ற தெரிவு. தசையைத் தாண்டிய காயமோ, மேலே சொன்ன மொட்டைக் காய அறிகுறிகளோ இருந்தால் அல்ட்ராசவுண்ட் என்ன காட்டினாலும் அனுப்ப வேண்டும். தமிழகத்தில் சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருப்பதால், அத்தகையோரை அனுப்பத் தயங்குவதற்குப் பணம் ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. அனுப்பும் கடிதத்தில் 'அல்ட்ராசவுண்ட் இயல்பு' என்று ஒரே வரியில் முடிப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். வாங்கிக்கொள்ளும் மருத்துவர் அதைப் படித்துவிட்டுச் சி.டி.யை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடக்கூடும். எந்த மண்டலம் பார்க்கப்பட்டது, எது பார்க்க முடியாமல் போனது, கரோட்டிட் ஓட்டம் எந்த நேரத்தில் பார்க்கப்பட்டது, மூச்சுச் சவ்வு குறிக்கப்பட்டதா என்று நான்கு வரிகள் எழுதினால், அடுத்த மருத்துவமனையில் அந்த நோயாளி நேரே சி.டி. மேசைக்குச் செல்வார்.